கன்னி மூலையில் ஒரு குழி

எங்கள் வீட்டு அண்டர்கிரவுண்டுக்குள் முதல் முறை தண்ணீர் வந்த அன்று, படியில் நின்று எட்டிப் பார்த்த அப்பா "ஐயோ" என்று சொல்லவில்லை. "எத்தன எச்.பி. மோட்டாரு வேணும்?" என்றுதான் கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கோயமுத்தூர்ப் பக்கத்து ஆண்களுக்குத் தண்ணீரில் இரண்டே வகைதான் தெரியும். மோட்டார் போட்டால் மேலே வரும் தண்ணீர், மோட்டார் போட்டாலும் மேலே வராத தண்ணீர். கூப்பிடாமலே வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும் தண்ணீரைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதிலும் அப்பா பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு பட்டறையில் டர்னர். எத்தனையோ ஊர்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்தவர். அவர் வீட்டிலேயே முழங்காலளவு தண்ணீர் நின்றது அவருக்கு நஷ்டமாகத் தெரியவில்லை, அவமானமாகத் தெரிந்தது.

நஷ்டம் அம்மாவுக்கு. அந்த அண்டர்கிரவுண்டில்தான் அவளுடைய தையல் யூனிட் இருந்தது. யூனிட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சில பவர் மெஷின்கள், துணி வெட்ட ஒரு நீள மேசை, அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர். ஈரோட்டிலிருந்து துணி வரும். கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை, கடைகளுக்கு மஞ்சப்பை தைத்து அனுப்புவார்கள். அதற்கு முன்பு பல வருஷம் அம்மா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்த்தாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, பேசும்போது பாதிச் சொல் இருமலாக வரும். அதிலிருந்து தப்பி வந்த இடம் இது. பள்ளிக்கூடத்துக்கே போகாத என் அம்மா, தன் பெயர் போட்ட ஒரு போர்டை வாசலில் மாட்டியிருந்தாள். அதில் இருப்பது தன் பெயர்தானா என்று என்னை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் ஆணி அடித்தாள்.

போன வருஷம் ஐப்பசி மழையில் வந்த தண்ணீர் துணிக்கட்டுகளையெல்லாம் நனைத்து, ஒன்றின் சாயத்தை இன்னொன்றில் ஏற்றி, ஒரு கல்யாண ஆர்டரையே கொண்டுபோய்விட்டது. துக்கம் விசாரிக்கப் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். பக்கத்துக் கிராமத்தில் தோட்டம் வைத்திருக்கிறார். அங்கே ஆயிரம் அடிக்குக் கீழே போன போர்வெல்களும் இருக்கின்றன, அவற்றிலிருந்து நல்ல காற்றும் வருகிறது. 

"ஏனப்பா, பொம்பளையாளு தொழில் பண்ணுனா லட்சுமி வருவான்னு பாத்தா, கங்கையல்ல வந்துட்டா?" என்று ஆரம்பித்தார். "நாலு லோடு கிராவல் மண்ணு கொட்டி மூடிப்போடு. மில்லுல ஆளு எடுக்கறாங்களாமா. பழைய எடந்தானே, சேத்திக்குவாங்க."

"இந்த ஒரு வருசம் பாக்கலாமுங்கண்ணா," என்றார் அப்பா. "அடுத்த ஐப்பசிக்கும் தண்ணி வந்துச்சுன்னா மூடிப்போடலாமுங்க."

அம்மா அப்போது துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் தீர்மானங்கள் அப்படித்தான் நிறைவேறும். வேலையாக இருப்பவர்கள் எல்லாம் ஆதரவு என்று கணக்கு.

தண்ணீர் ஏன் வந்தது என்பதைச் சொல்ல, அந்த அண்டர்கிரவுண்ட் ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் மனை வடகிழக்கில் மேடு, தென்மேற்கில் சரிவு. சரிவின் அடியில் மழைத் தண்ணீர் ஓடும் ஒரு பள்ளம். வாஸ்துப்படி இது நேர் தலைகீழ். தென்மேற்கான கன்னி மூலை உயர்ந்திருக்க வேண்டும், வடகிழக்கான ஈசானிய மூலை தாழ்ந்திருக்க வேண்டும். அதனால்தான் யாரும் தொடாமல் கிடந்து அந்த மனை எங்கள் கைக்கு எட்டியது. வாஸ்துக்காரர் அதற்குப் பரிகாரம் சொன்னார். சரிவில் கீழே ஒரு தளம் எழுப்பி, அதன் மேல் சமமாக வீட்டைக் கட்டிவிட்டால் தோஷம் தீர்ந்தது. கீழே இருப்பது கணக்கில் வராதாம். வாஸ்து புருஷனுக்குப் படி இறங்க முடியாது போலிருக்கிறது.

கீழே பாறை. அதை உடைக்கச் சோம்பல்பட்டு, பாறையின் சாய்விலேயே கான்கிரீட் போட்டார்கள். வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும் மண்ணுக்குள் புதைந்திருக்கின்றன. மேட்டில் பெய்யும் மழை மண்ணில் இறங்கி, பாறை மேலேயே வழுக்கிக்கொண்டு வந்து, அந்தச் சுவர்களின் அடி இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, சரிவில் இறங்கி, கன்னி மூலைச் சுவரில் முட்டி நிற்கிறது. மழை பொய்த்த முந்தைய வருஷங்களில் இது தெரியவில்லை. நாங்கள் கட்டியிருந்தது வீடு அல்ல, அணை. அதுவும் ஷட்டர் வைக்க மறந்த அணை.

இதெல்லாம் கட்டும்போது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். பிறகு சிவில் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இன்று காந்திபுரத்தில் ஒரு கட்டட அலுவலகத்தில் டிசைன் பார்க்கிறேன். நான் போடும் வரைபடத்தைப் பார்த்து முன்பின் தெரியாத மேஸ்திரிகள் கம்பி கட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும், "இஞ்சினீரம்மா, ஃபேன் சுத்த மாட்டேங்குது, என்னன்னு பாரு," என்பார்கள். 

முதலில் வந்தவர் கசிவை அடைக்கிற கெமிக்கல்காரர். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் அனுப்பி வைத்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார்.

"உள்பக்கம் ரெண்டு கோட்டு அடிச்சாப் போதுமுங்க. கப்பலுக்கு அடிக்கற ஐட்டமுங்க இது."

"கப்பலுக்கு வெளிப்பக்கந்தானுங்களே அடிப்பாங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "அம்மணி என்ன படிக்குதுங்க?" என்றார்.

"படிச்சு முடிச்சிருச்சுங்க. இஞ்சினீரு."

"அப்படீங்களா, நல்லதுங்க," என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தார்.

நீல நிறத்தில் சுவர் பளபளத்தது. சித்திரையில் ஒரே ஒரு கோடை மழை. மறுநாள் காலையில் சுவரெங்கும் அப்பளம் அப்பளமாகக் கொப்புளம். தைக்க வந்த பெண்கள் ஆளுக்கொன்றாக விரலால் குத்தி உடைத்து, யாருடையதில் அதிகத் தண்ணீர் வந்தது என்று போட்டி வைத்தார்கள். கெமிக்கல்காரரின் போன் அன்றிலிருந்து தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது. கப்பலில் போயிருப்பார்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைபடம் போட்டேன். கலர் பிரிண்ட் எடுத்து அப்பா முன் விரித்தேன்.

"அப்பா, தண்ணிய அடைக்க முடியாதுங்க. அதுக்கு வழி உடோணும். வடக்கயும் கெழக்கயும் வெளிப்பக்கம் செவுத்தோட அடி வரைக்கும் தோண்டி, வெளிச்செவுத்துல பூசணும். அடியில ஓட்டை போட்ட பைப்பு வெச்சு, ஜல்லி கொட்டி மூடோணும். அதையும் மீறி உள்ள வாரதுக்குச் செவுத்தோரமா ஒரு வாய்க்கா. அது கன்னி மூலையில ஒரு சின்னக் குழிக்கு வரோணும். அங்கிருந்து செவுத்தத் தொளச்சு ஒரு பைப்பு. பள்ளம் கீழதான இருக்குது? தானாப் போயிரும்."

"மோட்டாரு?"

"மோட்டாரே வேண்டாமுங்க."

தாலி இல்லாமல் கல்யாணம் என்று சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். ஆனாலும் வரைபடத்தை மடிக்காமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். பேக்கரியில் டீ குடிக்கிறவர்களிடமெல்லாம் விரித்துக் காட்டினார். "என்ற மக போட்டது. கம்ப்யூட்டர்ல." பட்டறையில் முதலாளியிடம் காட்டினார். பிறகு லேமினேஷன் செய்து கொண்டுவந்து, ஹாலில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். அதன்படி ஒரு பிடி மண்ணும் எடுக்கவில்லை. என் படிப்புக்கு எங்கள் வீட்டில் கிடைக்கும் மரியாதை இதுதான். பொட்டு வைப்பார்கள், பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

காரணம் கன்னி மூலை. பெரியப்பா வரைபடத்தில் அந்தக் குழியைப் பார்த்த அன்றே வாஸ்துக்காரரைக் கூட்டி வந்துவிட்டார். வெள்ளைக் காரில் வந்து இறங்கி, அண்டர்கிரவுண்டுக்குள் போய், செல்போனில் திசை காட்டியைத் திறந்து, அது சுற்றுவதற்கு ஏற்ப அவரும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார்.

"கன்னி மூலையில குழியா? குடும்பத் தலைவருக்கே ஆகாதுங்க. அந்த மூலை வழியாத் தண்ணி வெளிய போச்சுன்னா ஊட்டு ஐசுவரியமும் அது கூடவே போயிரும். குழி எடுத்தே ஆகோணும்னா ஈசானியத்துல எடுங்க."

"ஈசானியம் மேடுங்க. தண்ணி அங்க ஏறாதுங்க," என்றேன்.

"சாஸ்திரப்படி அதுதானுங்க பள்ளம்."

நான் மேலே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நடுத்தரையில் ஊற்றினேன். அது ஒரு நொடி யோசிக்கவில்லை. நேராகக் கன்னி மூலைக்கு ஓடியது. அப்பா, பெரியப்பா, வாஸ்துக்காரர் மூன்று பேரும் அது போய்ச் சேரும் வரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்கு என்ன தெரியும்?" என்றார் பெரியப்பா.

ஆக, வீட்டிலேயே உயரமான மூலையில், பாறையில், தண்ணீர் ஒருநாளும் நிற்காத இடத்தில், தண்ணீர் சேர்வதற்காகக் குழி எடுப்பது என்று முடிவானது. கம்ப்ரசர் வண்டி வந்தது. தெருவே அதிர்ந்தது. பாறைத்தூள் பறந்து அம்மாவின் துணிக்கட்டின் மேல் படிந்தது. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு மறுபடியும் இருமினாள். மில்லை விட்ட பிறகு அந்த இருமலை நான் கேட்டதில்லை. அப்பா பட்டறையிலிருந்து ஒரு பம்பைத் தானே பாலிஷ் போட்டுக் கொண்டுவந்து குழியோரம் வைத்தார். குழிக்குள் வருவதற்குத் தண்ணீர் இல்லாதது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை.

அப்புறம்தான் நான் என்றைக்கும் மன்னிக்க முடியாத ஒன்று நடந்தது. பாறை விரிந்தது. விரிசலில் இருந்து தண்ணீர் வந்தது. தெளிவாக, ஜில்லென்று, கொப்பளித்துக்கொண்டு. வாஸ்துக்காரர் சொன்னபடியே ஈசானியத்தில் தண்ணீர்.

மேட்டு மண்ணில் ஊறியிருந்த தண்ணீருக்கு நாமே கதவு திறந்துவிட்டோம் என்று நான் கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எத்தன போரு போட்டேன்... பூமி பொகையத்தான் கக்குச்சு. என்ற தம்பி ஊட்டுல ஆளுயரம் கூடத் தோண்டலை, தாயி வந்துட்டா பாரு."

அரை மணி நேரத்தில் தேங்காய், சூடம், மஞ்சள், குங்குமம் எல்லாம் வந்துவிட்டன. போட்டோ சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போனது. ஒறம்பரை என்று நாங்கள் சொல்லும் சொந்தபந்தங்கள் பெருந்துறையிலிருந்தெல்லாம் கார் வைத்து வந்தார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள். இவர்கள் காலி பாட்டிலும் கொண்டுவந்தார்கள். ஈர அண்டர்கிரவுண்டைப் பார்க்க இத்தனை கூட்டம் வந்தது உலகத்திலேயே எங்கள் வீட்டுக்காகத்தான் இருக்கும். வாஸ்துக்காரருக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் என்னைப் பார்த்து, "படிப்பும் வேணும் அம்மணி, வேண்டாமுன்னு சொல்லலை," என்றார்.

"சரிங்க பெரீப்பா, பம்புதான் இருக்குதே, எறச்சு வெளிய உடலாமுங்களா?" என்று கேட்டேன்.

"ஈசானியத்துத் தண்ணிய எறச்சு ரோட்டுல உடறதா? வாயக் கழுவு."

அதனால் பம்பு குங்குமப் பொட்டோடு சும்மா நின்றது. குழி நிரம்பியது. நிரம்பிய தண்ணீர் வழிந்து, சாஸ்திரம் தெரியாமல், கன்னி மூலைக்கு ஓடியது. அங்கேதான் அம்மாவின் மெஷின்கள். மழையே இன்னும் ஆரம்பிக்கவில்லை, புரட்டாசி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்குள் மட்டும் வெள்ளம். அம்மா மெஷின்களைச் செங்கல் மேல் தூக்கி வைத்தாள். பெண்கள் ஸ்டூலில் காலை மடக்கிக்கொண்டு தைத்தார்கள். ஒரு நாள் ஒருத்திக்குக் கரண்ட் ஷாக் அடித்தது. லேசாகத்தான். ஆனால் அவள் பையை எடுத்துக்கொண்டு, "எனக்குக் கொழந்தைங்க இருக்குதுங்கக்கா," என்று போய்விட்டாள்.

பெரியப்பா மறுநாளே வந்தார். ஹாலில் அப்பாவோடு உட்கார்ந்து டீ குடித்தார்.

"நாந்தான் அன்னைக்கே சொன்னனே. இனி ஐப்பசி வரைக்கும் என்னத்துக்குக் காத்துட்டிருக்கோணும்? ஈசானியத்துக் கெணத்த மட்டும் உட்டுப்போட்டு மத்ததைய மண்ணு கொட்டி மூடிரு. தாயி எடம் சுத்தமா இருக்கும். லாரிக்காரங்கிட்டச் சொல்லட்டுமா?"

அப்பா டம்ளரைப் பார்த்தார். அவர் சரி என்று சொல்வதற்கு முன் எப்போதும் டம்ளரைத்தான் பார்ப்பார்.

அம்மா கதவோரம் நின்றிருந்தாள். இந்த முறை கையில் வேலை எதுவும் இல்லை. பெரியப்பாவைத்தான் கேட்டாள்.

"ஏனுங்க மாமா, கன்னி மூலையில குழி எடுத்தா ஆருக்கு ஆகாதுன்னு அந்த வாஸ்துக்காரரு சொன்னாரு?"

"குடும்பத் தலைவனுக்கு. உனக்குத் தெரியாததா?"

"ரேசன் கார்டுல தலைவி ஆருங்க?"

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்.

"மாசாமாசம் பொம்பளைங்க பேருக்குப் பணம் போடறாங்கன்னு நீங்கதானுங்க லீவு போட்டு ஓடிப்போயி, நாந்தான் தலைவின்னு எல்லாத்தையும் சரி பண்ணிட்டு வந்தீங்க. பணம் வாங்கறதுக்கு நாந் தலைவி. சாகறதுக்கு மட்டும் நீங்க தலைவருங்களா?"

"அது கவருமெண்டுக் கணக்கும்மா. வாஸ்துக் கணக்கு வேற," என்றார் பெரியப்பா.

"எனக்கு ஒரு கணக்குத்தானுங்க மாமா தெரியும். ஆகாதது எனக்குத்தான்னா நான் பாத்துக்கறனுங்க. மில்லுக்குத் திரும்பிப் போறத விட அது ஒண்ணும் மோசமா இருக்காது."

அவள் குரல் உயரவே இல்லை. பின்கட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன். மெஷின்களை நகர்த்தினோம். அம்மா கன்னி மூலையில், கணுக்கால் தண்ணீரில், கடப்பாரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எங்க கண்ணு போடோணும்?"

அந்த வீட்டில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் சிவில் கேள்வி அது.

"செவுத்த ஒட்டி வேண்டாமுங்கம்மா. ஒரு முழம் தள்ளிப் போடுங்க."

போட்டாள். தீப்பொறி பறந்தது. கான்கிரீட் நகம் அளவுக்குப் பெயர்ந்தது. இன்னும் நாலு போடு போடுவதற்குள் அப்பா வந்துவிட்டார். சமாதானமாகி வரவில்லை. பெண்டாட்டி கடப்பாரை பிடிப்பதை எதிர்வீட்டுக்காரர்கள் தெற்குச் சுவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்கள் என்பதால் வந்தார். "அப்படிப் புடிச்சா மணிக்கட்டுப் போயிரும். கொடு இப்படி," என்று பிடுங்கிக்கொண்டார். கன்னி மூலையை முதலில் உடைத்தது அம்மா, ஆழமாக உடைத்தது அப்பா. தலைவர்கள் இரண்டு பேருக்கும் இன்று வரை ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகு மேஸ்திரியும் ஆட்களும் வந்தார்கள். லேமினேஷன் வரைபடம் சாமி பக்கத்திலிருந்து இறங்கி, சேற்றுக்கு வந்தது. அதற்கு அதுதான் சரியான இடம். வடக்கிலும் கிழக்கிலும் தோண்டி, வெளிச்சுவரைக் கழுவி, பூசி, தார் மாதிரி கறுப்பாக ஒன்றை இரண்டு கை அடித்தோம், இந்த முறை கப்பலின் வெளிப்பக்கத்தில். அடியில் வைக்கும் ஓட்டைப் பைப்புக்குள் மண் போகாமலிருக்க, தண்ணீரை மட்டும் விடும் ஒரு துணியைச் சுற்ற வேண்டும். சுற்றினால் அவிழ்கிறது. அம்மா அதைக் கீழே கொண்டுபோய் நீளமான உறையாகவே தைத்துக் கொடுத்துவிட்டாள்.

"என்னம்மா, பைப்புக்குப் பாவாடையா?" என்று பெரியப்பா சிரித்தார்.

"ஆமாங்க மாமா. கட்டாம உட்டா மானம் போயிருமல்லோ," என்றாள் அம்மா.

ஈசானியத்துத் தாயை யாரும் தொடவில்லை. அவள் வழிந்து வருவதற்கு மட்டும் சுவரோரமாக ஒரு வாய்க்கால் வெட்டி, கன்னி மூலைக் குழியில் சேர்த்து, அங்கிருந்து சுவரைத் துளைத்துப் பள்ளத்துக்குப் பைப் விட்டோம். தண்ணீர் தானாகப் போனது. வாஸ்துக்காரர் ஒரு செப்புத் தகடு கொடுத்தனுப்பினார், குழி மூடிக்கு அடியில் பதிக்கச் சொல்லி. பதித்துவிட்டோம். அது தண்ணீரைத் தடுக்காது, எனக்கு ஆட்சேபணை இல்லை. இப்போது பெரியப்பா வருகிறவர்களிடம், "ஈசானியத்துல பொறந்து கன்னி மூலையில போயிச் சேருது, ஆறாட்டமா," என்று விளக்குகிறார். கேட்டால் அவர் போட்ட பிளான் என்றே தோன்றும்.

ஐப்பசி வந்தது. ஒரு நாள் விடிந்ததிலிருந்து விடாமல் மழை. பள்ளம் இரைந்துகொண்டு ஓடியது. அவசரக் கல்யாண ஆர்டர் ஒன்று அன்று சாயங்காலம் போக வேண்டும். நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கீழே குழி மூடியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். உள்ளே தண்ணீர், விட்ட விரலைத் தள்ளிவிடும் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் மேலே ஏறவில்லை. "அதைய உட்டுப்போட்டு நூலைக் கோத்துக் கொடு கண்ணு," என்றாள் அம்மா. ஷாக் அடித்துப் போனவள் திரும்பி வந்திருந்தாள், ரப்பர் செருப்பைக் கழற்றமாட்டேன் என்ற நிபந்தனையோடு.

மத்தியானம் அப்பாவும் பெரியப்பாவும் மழையில் தொப்பலாக நனைந்து, பதறிப்போய்ப் படியில் இறங்கி வந்தார்கள். கையில் ஆளுக்கு ஒரு பக்கெட்.

"அங்கயே நில்லுங்க! துணி கெடக்குது," என்று அம்மா கத்தினாள்.

இருவரும் கடைசிப் படியில் அப்படியே நின்றார்கள். தரையைப் பார்த்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். அவர்கள் வேட்டியிலிருந்து சொட்டியதைத் தவிர அங்கே ஈரம் இல்லை. பெரியப்பா குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்து, விரலை விரலோடு தேய்த்தார். எதுவும் ஒட்டவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

அம்மா பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. "துண்டுல நல்லாத் தொடச்சுட்டு வந்து உக்காருங்க. பையெல்லாம் மடிச்சுக் கட்டோணும், ஆளு பத்தலை."

அப்பா துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெரியப்பா வெகுநேரம் துடைத்தார். பிறகு அவரும் வந்து, மேசையோரம் குந்தி, ஒரு தாம்பூலப் பையை எடுத்து வேட்டி மடிப்பது போல மடித்தார்.

"ஏனுங்க மாமா, பையோட காது உள்ளுக்குப் போகோணுமுங்க," என்றாள் அம்மா, தலையை நிமிர்த்தாமலேயே. "பிரிச்சுப்போட்டு மறுக்கா மடிங்க."

பெரியப்பா பிரித்து, மறுபடி மடித்தார்.